முன்விளக்கு எரியக்கூடாது

வெர்லின் சிக்மன் இருபது வருஷத்துக்கு மேலாகப் பந்தயக் கார்களுக்கு சீஃப்பாக இருந்தும் ஒருமுறைகூடத் தண்டனை வாங்கியதில்லை. அதை அவன் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தான். பந்தயக்காரர்கள் நிறைந்த மூர்ஸ்வில் ஊரில் வேறு யாரும் அப்படி நினைக்கவில்லை.

சீஃப்பின் வேலை இதுதான். பையன் வண்டியை ஓட்டுவான், முதலாளி செலவு செய்வார், மிச்சம் எல்லாம் சீஃப் தலையில். எந்த டயரில் எவ்வளவு காற்று, எந்த ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்குவது, எப்போது உள்ளே கூப்பிட்டு பெட்ரோல் ஊற்றுவது என்று எல்லாவற்றையும் ஓடுதளச் சுவரோரம் நின்று காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு அவன்தான் சொல்ல வேண்டும். வண்டியில் ஏதாவது தில்லுமுல்லு கண்டுபிடிக்கப்பட்டால் தண்டனையும் அவனுக்குத்தான். ஓட்டுகிற பையனைத் தண்டித்தால் டிக்கெட் விற்காது. முதலாளியைத் தண்டித்தால் தண்டிக்கிறவர்களுக்கே சம்பளம் வராது. ஆகையால் தென்மாநில ஸ்டாக் கார் பந்தயப் பேரவை செவ்வாய்க்கிழமைதோறும் கூடி, அந்த வாரத்துப் பாவி எந்த சீஃப் என்று அறிவிக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பொதுவாக எல்லோரும் பாவிகள் என்று சொல்வார்கள். செவ்வாய்க்கிழமை பேர் சொல்லிச் சொல்வார்கள்.

சீஃப்களின் உத்தியோக உயர்வே இதை வைத்துத்தான். மாட்டிக்கொண்டான் என்றால் ஏதோ செய்து பார்த்திருக்கிறான், செய்து பார்த்தான் என்றால் மூளை இருக்கிறது, மூளை இருந்தால் சம்பளத்தை ஏற்று. ஊர் முக்கில் இருக்கும் காலைச் சாப்பாட்டுக் கடையில் சீஃப்கள் உட்காரும் இடம்கூட அந்தக் கணக்குப்படிதான். நாலு வாரம் சஸ்பெண்ட் ஆனவன் கதவோரம் உட்காருவான். பாதி சீசன் போனவன் நடு மேஜைக்கு வருவான். ஒரு முழு சீசன் தடை வாங்கியவனுக்கு ஜன்னலோர சோபா, கேட்காமலே காப்பி.

வெர்லின் கல்லாவுக்குப் பக்கத்தில் சுழலும் ஸ்டூலில் உட்காருவான்.

"பாதிரியார் வந்துட்டாருடா, பேச்சை மாத்துங்க," என்று நடு மேஜையிலிருந்து குரல் வரும். சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். அவன் ஒன்றும் தெரியாத மக்கு என்று ஊரில் பாதிப்பேர் சொன்னார்கள். யாராலும் கண்டுபிடிக்க முடியாத மகா திருடன் என்று மீதிப்பேர் கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தார்கள். இருபது வருஷமாக ஜெயிக்காதவன் என்னத்தைத் திருடியிருப்பான் என்று அவர்களும் சலித்துப்போய் மக்குக் கட்சியில் சேர்ந்துகொண்டார்கள்.

அவனுடைய முதலாளி ஹோபர்ட் கேனிப். பன்றி ஈரலையும் சோளமாவையும் வேகவைத்துக் கட்டியாக்கி, லிவர்மஷ் என்று மூன்று மாவட்டத்துக்கு விற்று வளர்ந்தவர். ஒரே ஒரு கார் வைத்து, வாராவாரம் பதினைந்தாவது இருபதாவது இடத்தில் வரும் குழுவை நடத்திவந்தார். செப்டம்பர் மாதம் ஒருநாள் அவர் வெர்லினைத் தொழிற்சாலைக்குக் கூப்பிட்டார். போனால், ரொட்டிக்கு நடுவில் லிவர்மஷ்ஷையும் கடுகு விழுதையும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உக்காரு மகனே. ஹிக்கரி ஊர்லேருந்து மெத்தைக் கம்பெனிக்காரங்க வந்திருந்தாங்க. அடுத்த சீசனுக்கு நம்ம வண்டி முழுக்க அவங்க பேரு. நல்ல துட்டு."

"நல்ல சேதிதானே பாஸ்."

"அவங்க ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. உங்க சீஃப் எத்தனை தடவை சஸ்பெண்ட் ஆயிருக்காருன்னு. நான் என்னத்தச் சொல்றது? வாய்க்குள்ள ஈரலை வச்சுக்கிட்டு முழிச்சேன்."

"நான் எந்தத் தப்பும் பண்ணலையே பாஸ்."

"அதத்தான் அவங்களும் வருத்தமா சொன்னாங்க." ஹோபர்ட் ரொட்டியைக் கீழே வைத்தார். "நான் சொல்றத தப்பா எடுத்துக்காத. ரேஸ்ல ஜெயிச்சா டிவில அரை நிமிஷம் நம்ம பேரு வரும். சீஃப் மாட்டிக்கிட்டா வாரம் பூரா வரும். நாலு பேரு கோட்டு போட்டு உக்காந்து நம்ம வண்டியப் பத்தியே பேசுவாங்க. பெரிய குழுன்னா மாட்டணும் மகனே. எட்டு வாரம் வாங்கின ஆளு ஒருத்தர் சும்மா இருக்காரு, கூப்பிட்டா வந்துடுவேன்னு சொல்றாரு. எனக்கு நீதான் வேணும். ஆனா சீசன் முடியறதுக்குள்ள ஒரே ஒரு தடவை மாட்டிக்க. ரெண்டு வாரம் போதும். அதக்கூட எனக்காகச் செய்ய மாட்டியா?"

வெர்லின் வீட்டுக்கு வந்து உட்காரவில்லை. சமையலறைக்கும் முன்வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தான். ஃபிரிட்ஜைத் திறந்தான், ஒன்றும் எடுக்காமல் மூடினான், திரும்ப வந்து திறந்தான். பள்ளிக்கூட பஸ் ஓட்டிவிட்டு வந்த அவன் மனைவி நெல்டா, சோபாவில் காலை நீட்டிக்கொண்டு இதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அந்தக் கதவை விடு வெர்லின், அது என்ன பண்ணிச்சு உன்ன. மாட்டிக்கத் தெரியலன்னா யாரையாவது கேட்டுப் படிச்சுக்கோயேன்."

"எப்படிம்மா அதெல்லாம்..."

"ஆமா, நீ எங்க. முதல் முத்தம் குடுக்கறதுக்கு எங்கப்பாகிட்ட அனுமதி கேட்ட ஆளுதானே நீ. அவரு பயந்துபோய் போலீஸக் கூப்பிடட்டுமான்னு எங்கிட்ட கேட்டாரு."

அவன் சிரிக்கவில்லை. சீஃப் வேலையைத் தவிர அவனுக்கு வேறு ஒன்றும் தெரியாது, வேறு ஒன்றும் வேண்டவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சுவரோரம் நிற்க வேண்டும். காதுக்குள் வண்டி ஓட்டும் பையன் டஸ்டின் லெட்ஃபோர்ட், "தலைவரே, பின்பக்கம் வழுக்குது, செத்தேன்," என்று கத்த வேண்டும். இவன் ஒரு வார்த்தை சொல்ல, அடுத்த சுற்றில் வண்டி சொன்னபடி கேட்க வேண்டும். அது இல்லாத ஒரு ஞாயிறை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதற்காகத் திருட வேண்டும் என்றால் திருடுவது என்று முடிவு செய்தான்.

முதலில் பின்பக்கத் தகட்டில் கை வைத்தான். வண்டியின் முதுகில் காற்றைத் தடுக்க நிற்கும் அந்தத் தகட்டைப் பெருவிரல் அகலம் வளைத்தான், குருடனுக்கும் தெரியும்படியாக. சோதனைக் கொட்டகையில் பேரவையின் சோதகன் லோவெல் டீக் தன்னுடைய அளவுச் சட்டத்தை எடுத்துத் தகட்டின்மேல் வைத்தான். பொருந்தவில்லை. திருப்பி வைத்தான். பொருந்தவில்லை. வெர்லின் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான்.

"சனியன், சட்டம் வளைஞ்சு போச்சு," என்றான் லோவெல்.

"லோவெல், சட்டம் சரியாத்தான் இருக்கு. நல்லாப் பாரு."

"சும்மா இரு வெர்லினு. உன் வண்டி தப்பா இருக்குமா? பெரிய மனசு உனக்கு, என் சட்டத்துக்குப் பரிஞ்சு பேசறே." லோவெல் அளவுச் சட்டத்தை முழங்காலில் வைத்து வெர்லினின் தகட்டுக்குத் தக்கபடி வளைத்தான். அந்தச் சட்டத்தை வைத்து அன்றைக்கு மற்ற வண்டிகளை அளந்ததில் நாலு சீஃப்கள் மாட்டிக்கொண்டார்கள். நாலு பேருக்கும் அடுத்த மாதமே சம்பளம் ஏறியது.

அடுத்து எடையில் கை வைத்தான். வண்டி இன்ன கனம் இருக்க வேண்டும் என்று விதி. அதற்காக உள்ளே ஈயக் கட்டிகளைப் போல்ட் போட்டு வைப்பார்கள். வெர்லின் அத்தனை கட்டியையும் கழற்றி வீட்டுக் கொட்டகையில் போட்டுவிட்டு வந்தான். தராசு உண்மையைச் சொன்னது. லோவெல் தராசை உதைத்தான், மறுபடி அதே உண்மையைச் சொன்னது. தராசைக் கழற்றி லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். புதுத் தராசு வாங்குவதற்கு ஒரு கமிட்டி போட்டு, கமிட்டியில் வெர்லினையும் உறுப்பினராகச் சேர்த்தார்கள்.

கடைசியில் அவன் நேராகப் பேரவையின் தலைமை அலுவலகத்துக்கே போய்விட்டான். பந்தய நேர்மைத் துறையின் துணைத்தலைவர் வெண்டெல் ஆஷ்க்ராஃப்ட், கண்ணாடிச் சுவர் போட்ட அறையில் உட்கார்ந்திருந்தார். அவர் இதுவரை கையில் ஸ்பேனர் பிடித்ததில்லை. பிடித்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதாக ஆகிவிடுமாம்.

"சார், நான் தப்பு பண்ணிட்டேன். தகட்ட வளைச்சேன், ஈயத்தக் கழட்டினேன். என்ன சஸ்பெண்ட் பண்ணுங்க."

ஆஷ்க்ராஃப்ட் அவனைப் பரிவோடு பார்த்தார். "திரு. சிக்மன், கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. தப்பைக் கண்டுபிடிக்கிறது எங்க வேலை. நீங்களே வந்து சொல்லிட்டா அது தப்பு இல்ல, தகவல். தகவலுக்கு நாங்க தண்டனை குடுக்கறதில்ல."

"ஆனா நான் செஞ்சேனே சார்."

"செஞ்சதை ஒத்துக்கறவர் நேர்மையானவர். நேர்மையான ஒருத்தரை நேர்மைத் துறை தண்டிச்சா உலகம் என்ன சொல்லும்? இந்தத் துறையில அறுபது பேர் வேலை பார்க்கறோம். எல்லாரும் உங்கள மாதிரி வந்து உண்மையச் சொல்ல ஆரம்பிச்சா இந்த அறுபது குடும்பமும் எங்க போகும்? அதையும் நீங்க நினைச்சுப் பார்க்கணும்."

வெர்லின் அந்த அறுபது குடும்பத்தை நினைத்துப் பார்த்து மன்னிப்புக் கேட்டான். போகும்போது அவனைக் கொடிக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். பேரவையின் அடுத்த வருஷக் காலண்டரில் அக்டோபர் மாதத்துக்கு, 'நேர்மை' என்று போட்டு அந்தப் படம்.

சீசனின் கடைசிப் பந்தயம் ராக் ஃபோர்க் ஓடுதளத்தில். வெர்லின் எல்லாவற்றையும் கைவிட்டுவிட்டான். எப்படியும் இதுதான் சுவரோரம் நிற்கும் கடைசி ஞாயிறு, அதையாவது சுத்தமாகச் செய்துவிட்டுப் போவோம் என்று ஒவ்வொரு சக்கர நட்டையும் தானே தொட்டுப் பார்த்தான். காலையில் ஒத்திகை ஓட்டத்தில் டஸ்டின் சுவரில் ஒரு தேய்ப்புத் தேய்த்துக்கொண்டு வந்தான். வண்டிக்கு ஒன்றும் இல்லை. இடது முன்விளக்கு மட்டும் கிழிந்துவிட்டது.

விளக்கு எப்படிக் கிழியும் என்று கேட்பவர்கள் பந்தயம் பார்க்காதவர்கள். ஸ்டாக் கார் என்றால் கடையில் ஸ்டாக் இருக்கிற கார், யார் வேண்டுமானாலும் போய் வாங்கி ஓட்டக்கூடியது. ஒரு காலத்தில் அப்படித்தான் ஓட்டினார்கள். பேரவை வந்தபிறகு கதவு போனது, ஜன்னல் கண்ணாடி போனது, எஞ்சின் வேறாகியது, உடம்பு வேறாகியது. கடைக் காருக்கும் பந்தயக் காருக்கும் பேரைத் தவிர எந்த ஒட்டும் உறவும் இல்லை. முன்விளக்கு இருக்கும் இடத்தில் முன்விளக்கின் படத்தை ஸ்டிக்கராக ஒட்டியிருப்பார்கள்.

அந்த ஸ்டிக்கரை விற்க உரிமை பெற்றவர்கள் பேரவையின் கடைக்காரர்கள் மட்டும்தான். வெர்லின் ஓடினான். கவுண்ட்டரில் இருந்த பெண் சூயிங்கம்மை மென்றுகொண்டே, "வலது இருக்கு. இடது ஸ்டாக் இல்ல," என்றாள்.

பந்தயம் தொடங்க நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. சட்டப் புத்தகத்தைப் படித்த ஒரே சீஃப் வெர்லின். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்கு மனப்பாடம்: வண்டியின் முன்பக்கம் இரண்டு விளக்குகள், கடையில் விற்கும் காரில் உள்ளபடியே இருத்தல் வேண்டும். கடையில் விற்கும் கார் வண்டி நிறுத்தும் திடலில் நின்றுகொண்டிருந்தது. பந்தயம் பார்க்க வந்திருந்த நெல்டாவின் கார், அதே கம்பெனி, அதே மாடல். அவன் அதன் இடது விளக்கைக் கழற்றிக்கொண்டு வந்து, பந்தயக் காரின் மூக்கில் ஓட்டை போட்டுத் திருகினான். எரியாத விளக்கு விளக்காகாது என்று மனசாட்சி உறுத்தியதால் பேட்டரியிலிருந்து ஒரு வயரும் இழுத்துக் கொடுத்தான்.

டஸ்டின் வந்து பார்த்தான். "என்ன தலைவரே இது, நம்ம வண்டி என்னைப் பாத்துக் கண்ணடிக்குது?"

"சட்டப்படி இருக்குடா. நீ ஓட்டு."

பிறகு நடந்ததற்கு வெர்லின் பொறுப்பில்லை. ஓடுதளத்தில் விளக்கு எரிந்துகொண்டு பின்னால் வருகிற வண்டி எது என்று ஓட்டுகிற பையன்கள் எல்லோருக்கும் தெரியும். ஒன்று ஆம்புலன்ஸ், இல்லாவிட்டால் தீயணைப்பு வண்டி. கண்ணாடியில் வெளிச்சம் தெரிந்ததும் இருபதாவது இடத்தில் ஓடியவன் ஒதுங்கி வழிவிட்டான். பத்தொன்பதாவது ஆள் வழிவிட்டுத் தொப்பிமேல் கை வைத்து மரியாதை செய்தான். யாருக்கோ அடி போலிருக்கிறது, பாவம், என்று எல்லோரும் விலகிவிலகி டஸ்டினை முதல் இடத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். மூன்றாவது இடத்திலிருந்தவன் யாருக்கு என்ன ஆச்சு என்று ரேடியோவில் கேட்டு அழவே ஆரம்பித்துவிட்டான். கொடி விழுந்தபோது டஸ்டினின் வண்டி ஒற்றைக் கண்ணோடு கோட்டைத் தாண்டியது. கேனிப் குழுவின் முதல் வெற்றி. வெர்லின் சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

சோதனைக் கொட்டகையில் லோவெல் குனிந்து பார்த்தான். விளக்கைக் கையால் மறைத்தான், கையை எடுத்தான்.

"வெர்லினு," என்றான், "இது எரியுது."

"ஆமா லோவெல். விளக்கு."

"அடப்பாவி. உனக்குப் போயா இப்படி ஒரு புத்தி வரணும்?"

நெல்டாவின் காரை உடந்தையாக இருந்ததற்காகப் பறிமுதல் செய்து, அதையும் கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டு போய்ச் சோதித்தார்கள். லோவெல் வெளியே வந்து அவளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"நெல்டாம்மா, மனசக் கல்லாக்கிக்குங்க. உங்க கார்ல நாலு கதவும் திறக்குது. பின்சீட்டு வேற இருக்கு. வேகம் காட்டற மீட்டர் ஒண்ணு இருக்கு. டிக்கில முட்டை."

"கதவு திறக்காம நான் என்ன ஜன்னல் வழியா குதிச்சா சர்ச்சுக்குப் போறது? அந்த முட்டைய மட்டுமாவது குடுத்துத் தொலை."

"சாட்சியம்மா அது. தொடக்கூடாது."

செவ்வாய்க்கிழமை விசாரணை. ஆஷ்க்ராஃப்ட் எழுந்து நின்றார். மேஜைமேல் அந்த இடது விளக்கைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள்.

"நண்பர்களே, இந்த மனுஷன் நம்ம பந்தயக் கார்ல ஒரு கடைச் சாமானை மாட்டியிருக்காரு. கடையில விக்கிற சாமானை! ஸ்டாக் கார் பந்தயத்துல இப்படி ஒண்ணு நடக்கும்னு நம்ம முன்னோர்கள் கனவுலயாவது நினைச்சிருப்பாங்களா?"

வெர்லின் கையைத் தூக்கினான். "சார், சட்டத்துல கடையில உள்ளபடியேன்னுதான்..."

"உள்ளபடியேன்னா பார்க்கறதுக்கு உள்ளபடியே! அப்படியே இருந்தா அப்புறம் நாங்க எதுக்கு?" ஆஷ்க்ராஃப்டின் குரல் நடுங்கியது. "ஸ்டாக் கார்ங்கறது ஒரு பொருள் இல்ல திரு. சிக்மன், அது ஒரு உணர்வு. இன்னிக்கு விளக்கு எரியட்டும்னு விட்டா நாளைக்குக் கதவு திறக்கும். அடுத்த நாள் ஒருத்தன் பின்சீட்டு வைப்பான். அதுல பொண்டாட்டி புள்ளைங்க உக்காருவாங்க. உக்காந்து முட்டை வாங்கப் போவாங்க. கடைசில இது கார் ஆயிடும்! இத்தனை வருஷம் பாடுபட்டு, இத்தனை சட்டம் போட்டு, இது கார் ஆகாம நாங்க காப்பாத்தி வச்சிருக்கோம்."

அறையில் எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். கை தட்டியவர்களில் ஹோபர்ட் கேனிப்பும் ஒருவர். அவருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியிருந்தது.

வெற்றியைப் பிடுங்கினார்கள். வெர்லினுக்கு அடுத்த சீசன் முழுக்கத் தடை. சாதாரணத் தடை இல்லை. ஸ்டாக் கார் பந்தயத்தின் மானத்துக்கு ஊறு விளைவித்த குற்றம் என்பதால், பந்தய நாட்களில் பந்தய எஞ்சின் சத்தம் காதில் விழுகிற தூரத்துக்குள் அவன் இருக்கக்கூடாது. அவன் இருக்கவில்லை என்பதை உறுதி செய்யப் பேரவை ஒரு காதையும் உடன் அனுப்பும்.

மறுநாள் காலைச் சாப்பாட்டுக் கடைக்கு அவன் போனபோது நடு மேஜைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். ஜன்னலோர சோபாவிலிருந்த கிழட்டு சீஃப் நகர்ந்து இடம் கொடுத்தார். "எரியற விளக்கு!" என்றார் மூச்சை இழுத்து. "முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், எனக்குத் தோணலையேடா." மெத்தைக் கம்பெனி நெடுஞ்சாலை நெடுக விளம்பரம் வைத்தது: வெர்லின் கண்ணை மூடிப் படுத்திருக்கிற படம், கீழே, 'அவரே நிம்மதியாகத் தூங்குகிறார்.' ஹோபர்ட் ஐந்து வருஷ ஒப்பந்தம் போட்டார், இரட்டைச் சம்பளத்தில்.

படத்தில் தூங்கியவன் வீட்டில் தூங்கவில்லை. வேலை நிலைத்துவிட்டது, வேலையின் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்விட்டது. குளிர்காலம் முழுக்க அவன் வீட்டிலுள்ள எல்லாக் கதவுகளின் திருகாணிகளையும் இறுக்கினான், பிறகு தளர்த்தினான், மறுபடி இறுக்கினான்.

புது சீசனின் முதல் பந்தயம் மறுபடி ராக் ஃபோர்க்கில். காலையிலேயே லோவெல் டீக் வாசலில் வந்து நின்றான். அவனைத்தான் காதாக நியமித்திருந்தார்கள்.

"நானா கேட்டு வாங்கல வெர்லினு. இதுவரைக்கும் ஒரு ரேஸ நான் விட்டதில்ல. உன்னால எனக்கும் போச்சு."

வெர்லினின் பிக்கப் வண்டியில் ஏறி இரண்டு பேரும் வடக்கே போனார்கள். முதலில் ஏரிக்கரையில் நிறுத்தினார்கள். எங்கோ எஞ்சின் உறுமியது.

"கேக்குதா?"

"அது படகு, லோவெல்."

"படகுல எந்த எஞ்சின் வச்சிருக்கானுங்கன்னு யாருக்குத் தெரியும். ஏறு வண்டில."

வில்க்ஸ் மாவட்டத்தில் ஒரு சோளக் காட்டோரம் நிறுத்தினால், காட்டுக்கு அந்தப் பக்கம் சின்னப் பசங்கள் மண் தளத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு சர்ச் கல்லறைக்குப் போனார்கள். அங்கே அமைதியாகத்தான் இருந்தது, பாதிரியார் வீட்டு ஜன்னலில் ரேடியோ பந்தயத்தைச் சொல்ல ஆரம்பிக்கிறவரை. ரேடியோவில் வரும் எஞ்சின் எஞ்சின்தானா என்று லோவெல் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டான். ஆஷ்க்ராஃப்ட் ஐந்து பேரைக் கூட்டி விவாதித்துவிட்டு, ஆம் என்றார். பாதிரியாரை ரேடியோவை அணைக்கச் சொன்னதற்கு, பேரவைக்கு நரகத்தில் எந்த இடம் என்று அவர் விவரமாகச் சொன்னார். மறுபடி வண்டியில் ஏறினார்கள். வெர்லின் ஓட்டிக்கொண்டே ஸ்டீயரிங்கில் விரலால் தட்டிக்கொண்டிருந்தான். இந்நேரம் பையன் முதல் முறை டயர் மாற்ற உள்ளே வந்திருப்பான். காற்று எவ்வளவு வைத்தார்களோ.

மலைமேல், ஆஷ் மாவட்டத்தில், கிறிஸ்துமஸ் மரத் தோட்டம் ஒன்றில் கடைசியாக நின்றார்கள். வரிசை வரிசையாக மரக் கன்றுகள். மனித அரவம் இல்லை. லோவெல் கையைக் காதில் குவித்து நாலு திசையும் திரும்பினான்.

"ஒண்ணும் இல்ல," என்றான் துக்கத்தோடு. "இங்க ஒண்ணுமே கேக்கல."

அப்போது வெர்லினின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்தான். ஹோபர்ட் கேனிப். சீஃப் இல்லாத நாற்காலியில் அவரே ஏறி உட்கார்ந்திருந்தார்.

"மகனே! எனக்குப் பன்னிய பத்திதான் தெரியும்! பையன் கத்தறான், வண்டி திரும்பவே மாட்டேங்குதாம், மூக்கு நேரா செவுத்துக்குப் போவுதாம்! நாங்க மூணாவது இடத்துல இருக்கோம்டா, நிஜமாவே மூணாவது! விளக்கே இல்லாம! என்ன பண்ணச் சொல்ல? சீக்கிரம் சொல்லு!"

அவர் குரலுக்குப் பின்னால் எல்லா எஞ்சினும் கேட்டது. வெர்லின் போனைக் காதோடு அழுத்தினான். நடுவில் ஒரு எஞ்சின் மட்டும் திருப்பத்தில் கொஞ்சம் தடுமாறி மூச்சு வாங்கியது. அது அவனுடைய வண்டி. ஆயிரம் வண்டிக்கு நடுவிலும் அவனுக்குத் தெரியும்.

லோவெல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். "வெர்லினு, காதுல விழற தூரம்னு சட்டம். உன் காதுக்கும் அந்தப் போனுக்கும் நடுவுல தூரமே இல்ல. இத விடப் பெரிய குத்தம் பண்ணவே முடியாது."

"தெரியும்."

லோவெல் கிட்டே வந்தான். தோட்டத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்துக்கொண்டான். "கொஞ்சம் சத்தமா வை. எனக்குச் சரியா விழல."

வெர்லின் சத்தத்தைக் கூட்டினான். இரண்டு பேரும் போன்மேல் தலையைக் குனிந்தார்கள். ஒரு சுற்றுகூட முடியவில்லை, லோவெலின் போன் அடித்தது. மணிக்கொரு தரம் கூப்பிடும் ஆஷ்க்ராஃப்ட். வெர்லின் தன்னுடைய போனை ஜாக்கெட்டுக்குள் செருகி நெஞ்சோடு அழுத்திக்கொண்டான். அதற்குள்ளிருந்து எஞ்சின்கள் அவன் விலா எலும்பில் அதிர்ந்தன.

"ஒண்ணும் கேக்கல சார்," என்றான் லோவெல். "மலைக்காத்துதான்." கேட்டுக்கொண்டிருந்துவிட்டு முகம் வெளுத்து, போனை வெர்லினிடம் நீட்டினான். "உன்ன கேக்கறாரு."

"திரு. சிக்மன்," என்றது ஆஷ்க்ராஃப்டின் குரல், "டீக் சொல்றதை நான் எடுத்துக்க முடியாது, அவர் எங்க ஆளு. நீங்க சொல்லுங்க. எஞ்சின் சத்தம் ஏதாவது காதுல விழுந்துதா?"

வெர்லின் வாயைத் திறந்தான். வாழ்நாளில் இதுவரை அந்தத் தொண்டையில் இப்படி ஒன்று வந்ததில்லை. அது சிரமமில்லாமல் வந்தது.

"இல்ல சார். காத்து மட்டும்தான்."

"எனக்குத் தெரியும்," என்றார் ஆஷ்க்ராஃப்ட் நெகிழ்ந்துபோய். "உங்கள மாதிரி ஆளுங்கள நம்பித்தான் இந்தப் பேரவையே நிக்குது."

வெர்லின் அந்தப் போனை லோவெலிடம் கொடுத்துவிட்டு, ஜாக்கெட்டுக்குள்ளிருந்து தன்னுடையதை எடுத்துக் காதோடு வைத்தான்.

"பாஸ், இடது பின் ஸ்பிரிங்க ஒரு சுத்து இறக்கச் சொல்லுங்க," என்றான். "பையன்கிட்ட நான் இங்கதான் இருக்கேன்னு சொல்லுங்க."